ஒரு தட்டுக்கு இரண்டு கிளிக்: மவுஸ் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரல் ஒரு தடவைதான் அமுக்குகிறது, கொம்பியூட்டருக்கோ இரண்டு தடவை போய்ச் சேர்கிறது. வீட்டில் என்றால் எரிச்சலோடு முடிந்துவிடும். கொமியுனிகேஷன் கடையில் ஒரே நம்பருக்கு இரண்டு ரீலோட் போய்விடும், தோட்ட ஒபிஸில் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டின் பக்கத்தில் ஒரு பெயருக்கு இரண்டு தடவை வரவு விழும். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் மவுஸ் வைத்து வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே.

ஒரு கிளிக்கிலேயே ஃபோல்டர் திறந்துகொள்கிறது. வைரஸா?

அநேகமாக இல்லை. முதலில் ஒரு செட்டிங்கைப் பாருங்கள். வின்டோஸில் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் ‘ஒப்ஷன்ஸ்’ போனால், ‘சிங்கிள் கிளிக் டு ஓபன் என் ஐட்டம்’ என்று ஒன்று இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அதை மாற்றி வைத்திருந்தால் ஒரு கிளிக்கிலேயே எல்லாம் திறக்கும். அப்படியென்றால் மவுஸில் கோளாறே இல்லை. அது ‘டபுள் கிளிக்’ என்றே இருந்தும் ஃபோல்டர் சில நேரம் திறந்து சில நேரம் திறக்காமல் இருந்தால் பிழை மவுஸில்தான். செட்டிங் பிழை எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். மவுஸ் பிழை விட்டு விட்டு வரும்.

மவுஸ்தான் பிழை என்று எப்படி உறுதி செய்வது? டேட்டாவும் முடிந்துவிட்டது.

இணையம் தேவையில்லை. வின்டோஸ் கல்குலேட்டரைத் திறந்து, திரையில் உள்ள 1 என்ற பொத்தானை மவுஸால் நிதானமாகப் பத்துத் தடவை கிளிக் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு செக்கன் விடுங்கள். திரையில் 1,111,111,111 என்று பத்து ஒன்றுகள் நிற்க வேண்டும். பதினொன்றோ பன்னிரண்டோ நின்றால் சுவிட்ச் துள்ளுகிறது. ஒன்பது நின்றால் ஒரு கிளிக் பதியவே இல்லை. அழித்துவிட்டு இதை ஐந்து தடவை செய்து பாருங்கள். ஒரு சுற்றில் சரியாக வந்துவிட்டது என்று நம்பி விட்டுவிட வேண்டாம். தேய்ந்த சுவிட்ச் ஐம்பதில் ஒன்றிரண்டு தடவை மட்டும் துள்ளுவதும் உண்டு.

இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. பெயின்ட் திறந்து, இடப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாகக் கோடு போடுங்கள். நடுவில் கோடு அறுந்தால், நீங்கள் விடாத போதே சுவிட்ச் விட்டுவிடுகிறது என்று அர்த்தம். ஃபைலை இழுத்துப் போடும்போது வழியில் வேறு ஃபோல்டருக்குள் விழுந்து காணாமல் போவது இதனால்தான்.

நோட்பேடில் எழுதிய ஒரு சொல்லின் மேல் ஒரே ஒரு கிளிக் செய்தாலும் தெரியும். கர்சர் போய் நின்றால் நல்லது. சொல் முழுவதும் நீலமானால் கணக்கில் இரண்டு கிளிக் விழுந்திருக்கிறது.

கொம்பியூட்டர் பிழையாக இருக்க வாய்ப்பே இல்லையா?

அதே மவுஸை வேறொரு கொம்பியூட்டரில் செருகிக் கல்குலேட்டர் சோதனையைச் செய்யுங்கள். அங்கும் வந்தால் மவுஸ்தான். வேறு கொம்பியூட்டர் இல்லையா? லெப்டொப்பின் டச்பேடில் பத்துத் தடவை தட்டிப் பாருங்கள். அதில் சரியாகப் பத்து வந்தால் வின்டோஸை ஃபோர்மட் அடிக்க எந்தத் தேவையும் இல்லை. இந்த ஒரு பிழைக்காகக் கொம்பியூட்டரையே கடைக்குத் தூக்கிக் கொண்டு போய் ஃபோர்மட் பண்ணி, பழைய மவுஸோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.

கொன்ட்ரோல் பெனலில் டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்கிறார்களே?

ஆகாது. இதுதான் அதிகம் பரவியிருக்கும் தவறான யோசனை. இரண்டு கிளிக்குகளுக்கு இடையில் எவ்வளவு நேரம் போனால் அதை ‘டபுள்’ என்று எடுத்துக்கொள்வது என்பதைத்தான் அந்த ஸ்லைடர் சொல்கிறது. வழக்கமாக அது 500 மில்லிசெக்கன். முழுக்க வேகப் பக்கம் தள்ளினாலும் 200க்குக் கீழ் இறங்காது. தேய்ந்த சுவிட்ச் போடும் இரண்டாவது கிளிக் பெரும்பாலும் 50 மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும். 200க்குள் 50 அடங்கிவிடுகிறதே! ஸ்லைடரை எங்கே வைத்தாலும் அது டபுள் கிளிக்தான்.

உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

மவுஸ் பொத்தானுக்குக் கீழே, தீப்பெட்டியில் கால்வாசிகூட வராத ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. 12.8 மில்லிமீட்டர் நீளம், 5.8 அகலம், 6.5 உயரம். பெரும்பாலான மவுஸ்களில் இந்த அளவுதான். அதன் தலையில் வெள்ளை, சிவப்பு அல்லது வேறு நிறத்தில் ஒரு சிறு மொட்டு. இதுதான் மைக்ரோ சுவிட்ச்.

அதற்குள் காகிதம் போல மெல்லிய செம்புக் கலவைத் தகடு ஒன்று. அதன் நடுவில் வெட்டிய நாக்கு வில் போல வளைந்து, தகட்டை மேல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மொட்டை அமுக்கினால், ஒரு கட்டத்தில் தகடு சட்டென்று கீழே தாவிக் கீழ்த் தொடுமுனையில் மோதும். நமக்குக் கேட்கும் ‘டிக்’ அந்தத் தாவல்தான். விரலை எடுத்தால் மறுபடி மேலே தாவும்.

உலோகம் உலோகத்தில் மோதும்போது துள்ளாமல் இருக்காது. சிமெந்துத் தரையில் விழுந்த ஐந்து ரூபாய்க் குத்தி நிற்பதற்கு முன் நாலைந்து தடவை எகிறுகிற மாதிரி, புது சுவிட்சும் சில மில்லிசெக்கன் துள்ளும். மவுஸுக்குள் இருக்கும் சிப்புக்கு இது தெரியும். முதல் தொடுகை வந்ததும் கொஞ்ச நேரம் பொறுத்து, அதற்குள் வரும் துள்ளல்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்.

சுவிட்ச் பழசாகும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்து கெடுக்கின்றன. நாக்கின் வில் தளர்கிறது, தகடு முன்போல் இறுக்கி அமுக்குவதில்லை. தொடுமுனையிலும் கறுப்புப் படலம் படிகிறது. இரண்டும் சேர்ந்தால் தொடுகை நடுவில் அறுந்து அறுந்து சேரும். அந்த இடைவெளி சிப் பொறுக்கும் நேரத்தைத் தாண்டியதும் சிப் அதைப் புதுக் கிளிக் என்று அனுப்பிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த வகைச் சுவிட்சுகளில் பல, மவுஸில் ஓடுவதைவிடக் கூடுதலான மின்னோட்டத்துக்கு ஏற்ப வடிவமைத்தவை. கூடுதல் மின்னோட்டம் ஓடினால் தொடுமுனையில் உருவாகும் மெல்லிய படலம் ஒவ்வொரு தடவையும் எரிந்து போகும். இன்றைய மவுஸ்கள், முக்கியமாக வயர்லெஸ், பெட்டரியை மிச்சம் பிடிக்க மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுகின்றன. படலம் எரியாமல் அப்படியே சேர்கிறது. பழைய தடித்த மவுஸ் பத்து வருடம் ஓட, புதுசு ஒன்றரை வருடத்தில் துள்ளத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைநாட்டுப் பனிதான் காரணமா?

பனி மட்டும் சுவிட்சைக் கெடுப்பதில்லை, ஆனால் கெடுவதை விரைவாக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாது. அந்த ஈரம் மவுஸுக்குள்ளும் போகும். சுவிட்சின் மூடி காற்றுப் புகாமல் அடைத்தது இல்லை, மொட்டைச் சுற்றி எப்போதும் சிறு இடைவெளி இருக்கும்.

ஈரத்தைவிடக் கெட்டது, குளிர்ந்த மவுஸ் சூடான இடத்துக்குப் போவது. இரவு முழுக்கக் குளிரில் கிடந்த லெப்டொப் பையைக் காலையில் அடுப்பு எரியும் அறையில் திறந்தால், கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரியே உள்ளே உள்ள உலோகத்திலும் நுண்ணீர் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு எடுத்தால் போதும்.

தேயிலை பெக்டரி ஒபிஸில் கதை வேறு. சலிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் இருந்தால், தேயிலைத் தூசியும் நாரும் மவுஸின் நடுவில் உருட்டும் சில்லுக்குள் பஞ்சு போலச் சுற்றிக்கொள்ளும். அங்கே முதலில் கெடுவது கிளிக் இல்லை, சில்லுதான். அதைப் பற்றிக் கீழே.

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வேகமாக நூறு தடவை அமுக்கினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

சில நேரம் சரியாகும். அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் நிலைமின்சாரம். காற்று வறண்ட ஊர்களில், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறைகளில் அது நடக்கும். பனி மூடிய ஊரில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. இங்கே அந்த வித்தை பலிப்பதற்குப் பொருத்தமான காரணம், நூறு தடவை மோதும்போது தொடுமுனையின் படலம் கொஞ்சம் தேய்ந்து விலகுவதுதான். எப்படியானாலும் காசு செலவில்லை, செய்து பாருங்கள்: யூஎஸ்பியைக் கழற்றி அல்லது பெட்டரியை எடுத்து, கெட்ட பொத்தானை ஒரு நிமிடம் அழுத்தமாக அமுக்கி அமுக்கி விடுங்கள். சில நாளில் திரும்ப வந்துவிடும்.

நாளைக்குள் ஒன்லைன் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். டவுனுக்குப் போக நேரமில்லை. இப்போதைக்கு என்ன செய்வது?

பொத்தான்களை இடம் மாற்றுங்கள். வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ‘புளூடூத் அன்ட் டிவைசஸ்’, ‘மவுஸ்’ என்று போய் முதன்மைப் பொத்தானை ‘ரைட்’ ஆக்கினால் வலப் பொத்தான் இடதின் வேலையைச் செய்யும். வலப் பக்கச் சுவிட்ச் அவ்வளவாக அடி வாங்காதது, அநேகமாக நன்றாகவே இருக்கும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

‘சப்மிட்’, ‘பே’ போன்ற பொத்தான்களுக்கு மவுஸைத் தொடவே வேண்டாம். டேப் விசையால் அந்தப் பொத்தான் வரை நகர்ந்து ஒரு தடவை என்டர் அமுக்குங்கள். ரீலோட் போடும் கடைகளில் மவுஸ் நன்றாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது.

நம்பர் பேட் உள்ள கீபோர்ட் என்றால் இடப் பக்க ஓல்ட், இடப் பக்க ஷிஃப்ட், நம்லொக் மூன்றையும் சேர்த்து அமுக்கி ‘மவுஸ் கீஸ்’ வசதியைப் போடலாம். நம்பர் பேடின் 5 கிளிக் ஆகும், சுற்றியுள்ள எண்கள் அம்பை நகர்த்தும். ஆமை வேகம்தான், ஆனால் துள்ளாது.

சொஃப்ட்வெயார் போட்டுச் சரிப்படுத்த முடியாதா?

மறைக்கலாம். மிக வேகமாக வரும் இரண்டாவது கிளிக்கைத் தள்ளிவிடும் வசதி, வின்டோஸுக்கான இலவச எக்ஸ்-மவுஸ் பட்டன் கொன்ட்ரோலில் இருக்கிறது. ஓட்டோஹொட்கீ என்ற ஸ்கிரிப்ட் மொழி தெரிந்தவர்கள் சில வரிகளில் தாங்களே எழுதிக்கொள்ளலாம். நேர அளவை 40 அல்லது 50 மில்லிசெக்கனில் தொடங்குங்கள். இன்னும் துள்ளினால் 10, 10 ஆகக் கூட்டுங்கள். 100ஐத் தாண்டினால் நீங்கள் வேண்டுமென்றே செய்யும் டபுள் கிளிக்கையும் விழுங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இழுக்கும்போது அறுந்து போகும் பிழையை இப்படிப்பட்ட சொஃப்ட்வெயார் இன்னும் மோசமாக்கும். சுவிட்ச் தவறாக விட்டுவிட்ட செய்தி ஏற்கனவே வின்டோஸுக்குப் போய்விட்டது. அடுத்து வரும் அமுக்கலையும் சொஃப்ட்வெயார் தள்ளிவிட்டால் ஃபைல் வழியில் விழுந்தது விழுந்ததுதான். லினக்ஸில் மவுஸ், கீபோர்டைக் கவனிக்கும் லிப்இன்புட் என்ற பகுதி இதைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக் கையாள்கிறது. துள்ளலைக் கண்டால் விடுவிப்புச் செய்தியையே சற்றுத் தாமதித்து அனுப்பும். அதனால் லினக்ஸ் போட்ட கொம்பியூட்டரில் இந்தப் பிழை குறைவாகத் தெரியலாம்.

கேமிங் மவுஸ்கள் சிலவற்றின் சொந்த சொஃப்ட்வெயாரில் ‘டீபவுன்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும், துள்ளல் அடங்கச் சிப் பொறுக்கும் நேரம் அது. அதை இரண்டு மூன்று படி கூட்டிப் பாருங்கள். மவுஸுக்குள்ளேயே நடப்பதால் அதுதான் சுத்தமான வழி.

ஸ்பிரிட் விட்டால் சரியாகுமா? எந்த ஸ்பிரிட்?

படலம்தான் காரணம் என்றால் சரியாகும், பல மாதம் தாங்கவும் கூடும். வில் தளர்ந்தது காரணம் என்றால் சில நாள்தான்.

நல்லது 99 சதவீத ஐசோப்ரோபைல் அல்ககோல். எலக்ட்ரோனிக் சாமான் கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பாமசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட். அதில் தண்ணீர் கலந்திருக்கும், சில வகைகளில் தோல் வறளாமல் இருக்க எண்ணெயும் சேர்ப்பார்கள். எண்ணெய் இருந்தால் தொடுமுனை முன்பைவிடக் கெடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் விரலை இழுத்தால் வழுக்குகிறதா, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறத்தில் வட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் அந்தப் போத்தலை மருந்துப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கை கழுவும் ஜெல் அறவே வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு.

மவுஸை மின்சாரத்திலிருந்து கழற்றுங்கள். மேல் ஓட்டைத் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அல்லது காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுவிட்ச் மொட்டின் அடியில் ஒரே ஒரு துளி விடுங்கள். உடனே ஐம்பது அறுபது தடவை அமுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு துளி, இன்னும் ஐம்பது. பிறகு மவுஸை மூடாமல் காயவிடுங்கள். வெயில் நாளில் அரை மணி நேரம், மழை நாளில் இரண்டு மணி நேரம். அவசரத்தில் அடுப்படிக்குக் கொண்டு போய்க் காய வைக்க வேண்டாம், ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும்.

மவுஸைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் பொத்தானின் முன் இடுக்கு வழியாக விட்டுப் பார்க்கலாம். துளி சுவிட்சுக்குள் போகாமல் போர்ட் முழுக்க ஓடவும் வாய்ப்பு உண்டு. பாதி பலன்தான்.

தையல் மெஷின் எண்ணெய்? டபிள்யூடி-40?

இரண்டும் வேண்டாம். முதல் நாள் ‘டிக்’ அருமையாகக் கேட்கும், பிறகு எண்ணெய் தூசியைப் பிடித்துக் களி ஆகும். கொன்டக்ட் கிளீனர் என்றே தனியாக விற்கும் ஸ்பிரே இருந்தால் அது சரி. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் போகும்.

மவுஸைத் திறக்க ஸ்க்ரூவே தெரியவில்லையே?

அடியில் வழுக்கும் கறுப்புப் பட்டைகளுக்குக் கீழே, நிறுவன ஸ்டிக்கருக்குக் கீழே, பெட்டரி மூடிக்குள்ளே பாருங்கள். ஸ்டிக்கரின் மேல் நகத்தை அழுத்தி நகர்த்தினால் ஸ்க்ரூக் குழி உள்ள இடம் பள்ளமாகும். மலிவு மவுஸில் பெரும்பாலும் ஒரே ஸ்க்ரூ, மற்றது கொக்கி. பட்டைகளைக் கழற்றும் முன் ஹேர் ட்ரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள், பசை இளகி மடியாமல் வரும். பிஎச்0 அல்லது பிஎச்00 அளவு நட்சத்திர (பிலிப்ஸ்) ஸ்க்ரூ ட்ரைவர் வேண்டும். பெரியதை வைத்துத் திருகினால் தலை மழுங்கி அத்தோடு வேலை நின்றுவிடும்.

ஸ்க்ரூ எடுத்ததும் மேல் ஓட்டை ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். விலை கூடிய மவுஸ்களில் மேல் ஓட்டையும் போர்டையும் ஒரு மெல்லிய நாடா வயர் இணைத்திருக்கும். முதலில் அரை விரல் தூக்கி உள்ளே எட்டிப் பாருங்கள். சில்லை எடுக்கும் முன் ஒரு ஃபோட்டோ.

திறந்ததும், சுவிட்ச் மொட்டைத் தொடும் மேல் ஓட்டின் பிளாஸ்டிக் முளையைப் பாருங்கள். அதில் குழி விழுந்திருந்தால் பொத்தானுக்கும் மொட்டுக்கும் இடையில் ஆட்டம் இருக்கும். செலோடேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும். இரண்டு மடிப்பு ஒட்டிவிட்டால் மொட்டு எப்போதும் பாதி அமுங்கியே நிற்கும், புதுப் பிழை வரும்.

சுவிட்சையே திறந்து வில்லை இறுக்கலாமாமே?

இறுக்கலாம். கை நடுங்காதவர்களுக்கு மட்டும்.

சுவிட்ச் மூடியின் பக்கவாட்டில் இரண்டு கொக்கிகள் பிடித்திருக்கும். மெல்லிய பிளேட் நுனியை அடியிலிருந்து கொடுத்து ஒவ்வொன்றாக நெம்பினால் மூடி மேலே வரும். அப்போது மொட்டும் விழும். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, கீழே விழுந்தால் தேடியே பொழுது போய்விடும். மவுஸை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துச் செய்யுங்கள்.

மூடி போனதும் தகடு தெரியும். அதன் ஒரு முனை பின் தூணில் கொக்கி, நடு நாக்கு ஒரு சிறு பள்ளத்தில், மறு முனை இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவில். வைக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும், ஃபோட்டோ எடுங்கள். பிறகு ஊசியால் நாக்கைப் பள்ளத்திலிருந்து விடுவித்துத் தகட்டை எடுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைக் காகிதத் துண்டைத் தொடுமுனைகளுக்கு இடையில் வைத்து இழுத்தால் காகிதத்தில் சாம்பல் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை இழுங்கள். மண்தாள் வேண்டாம், மேற்பூச்சு போய்விட்டால் சுவிட்ச் முடிந்தது. நாக்கின் வளைவை ஊசியால் மயிரிழை அளவு கூட்டுங்கள். கூடினால் பொத்தான் கல் மாதிரி இறுகும், குறைந்தால் ‘டிக்’ கேட்காது.

திரும்ப வைக்கும்போது முதலில் பின் கொக்கி, பிறகு நாக்கு, கடைசியில் மொட்டை மூடிக்குள் போட்டு மூடி. மூடுவதற்கு முன் ஊசியால் தகட்டை அமுக்கிப் பாருங்கள், துள்ளி மேலே வர வேண்டும். முதல் தடவை செய்பவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். செத்த மவுஸ் ஒன்றின் சுவிட்சில் இரண்டு தடவை பழகிவிட்டு நல்லதில் கை வைப்பதுதான் புத்தி.

சுவிட்ச் மாற்றுவது எப்படி? என்ன சுவிட்ச் வாங்குவது?

நிரந்தரத் தீர்வு இதுதான். ரேடியோ, டீவி பழுது பார்க்கும் எவரும் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். ‘மவுஸ் ரிப்பேர்’ என்று கேட்டால் ‘புதுசு வாங்குங்க’ என்பார்கள். ‘சுவிட்ச் கொண்டு வந்திருக்கிறேன், மூன்று கால், சொல்டர் பண்ணித் தருவீர்களா அண்ணா’ என்று கேளுங்கள்.

புதுச் சுவிட்ச் வாங்காமலே ஒரு வழி உண்டு. இடது, வலது இரண்டும் பெரும்பாலும் ஒரே வகைதான். இரண்டையும் இடம் மாற்றினால் இளமையான வலது சுவிட்ச் இடப் பக்கம் வந்துவிடும். செத்த மவுஸ் ஒன்றின் வலது சுவிட்சையும் பயன்படுத்தலாம். நடுப் பொத்தானில் இருப்பது பல மவுஸ்களில் வேறு வகைச் சதுரச் சுவிட்ச், அது பொருந்தாது.

வாங்குவதென்றால், நெடுநாளாகப் பரவலாக இருப்பது ஓம்ரோன் டி2எஃப்சி-எஃப்-7என் வகை. அடைப்புக்குள் 10எம், 20எம் என்று போட்டிருப்பது எத்தனை மில்லியன் கிளிக் என்ற கணக்கு. கைல் ஜிஎம் 8.0 என்பது 80 மில்லியன் என்று விற்கிறது. இந்த எண்ணை ரொம்ப நம்பி ஏமாற வேண்டாம். அது தகடு உடையாமல் தாங்கும் கணக்கே தவிர, துள்ளாமல் இருப்பதற்கான உத்தரவாதம் இல்லை. ஓம்ரோன் டி2எஃப்-01எஃப் என்ற வகை சிறு மின்னோட்டத்துக்கென்றே செய்தது. எழுதியிருக்கும் எண் சின்னதாக இருந்தாலும் மவுஸுக்கு அதன் குணம் பொருந்தும்.

சொல்டர் செய்பவர்களுக்கு: 320 முதல் 350 பாகை செல்சியஸ், 30 முதல் 40 வொட் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் ரோசின் ஈயக் கம்பி. முதலில் பழைய மூன்று கால்களிலும் கொஞ்சம் புது ஈயம் விடுங்கள், பழையது சுலபமாக இளகும். பிறகு உறிஞ்சியாலோ செம்பு நாடாவாலோ எடுங்கள். ஒரு காலில் மூன்று செக்கனுக்கு மேல் அயர்ன் நிற்க வேண்டாம். மலிவு மவுஸின் பழுப்பு நிறப் போர்டில் செம்புத் தடம் ஒரு பக்கம்தான், சூடு கூடினால் உரிந்து வந்துவிடும். மொட்டு நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கும். எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடுங்கள். திருப்பிப் போட்டால் பொத்தான் மொட்டில் படாது, படும்படி செய்தாலும் கால்கள் மாறியிருக்கும். ஈயப் புகையை முகத்துக்கு நேரே வாங்காமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிராகத்தான் இருக்கும்.

வயர்லெஸ் மவுஸ். பெட்டரி மாற்றினால் போதுமா?

முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். பெட்டரி இறங்கினால் சிப்புக்குத் தொடுகை தெளிவாகத் தெரியாமல் துள்ளலும் தவறலும் கூடும். பெட்டரி பெட்டியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வினாகிரி நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

டொங்கிள் (வயர்லெஸ் மவுஸுக்காகக் கொம்பியூட்டரில் செருகும் சிறு துண்டு) நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில், பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கோ பென்டிரைவோ செருகியிருந்தால் 2.4 கிகாஹேர்ட்ஸ் சிக்னலில் இடையூறு வரும். அம்பு விக்கி விக்கி நகரும், கிளிக் தவறும். டொங்கிளைக் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள் அல்லது ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். ஆனால் கிளிக் இரட்டிப்பது மட்டும்தான் பிழை என்றால் சிக்னலைக் குறை சொல்ல வேண்டாம்.

கிளிக் சரி, சில்லுத்தான் கீழே உருட்டினால் மேலே ஓடுகிறது.

அது வேறு உறுப்பு, அதே நோய். சில்லின் அச்சு ஒரு சிறு பெட்டிக்குள் சுழலும், உள்ளே தொடுமுனைகள். தூசி போனால் திசை குழம்பும். சில்லை எடுத்து நாரைச் சுத்தமாக அகற்றி, அந்தப் பெட்டியின் அறுகோண ஓட்டையில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டு, சில்லைத் திரும்பச் செருகி இரண்டு பக்கமும் ஐம்பது சுற்று. பெக்டரி ஒபிஸ்களில் இதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டி வரும்.

புதுசு வாங்குவதா, பழுது பார்ப்பதா?

வாரண்டிக் காலம் முடியவில்லை என்றால் திறக்கவே வேண்டாம். பில்லோடு கடைக்குப் போய், அங்கேயே கல்குலேட்டர் சோதனையைக் காட்டுங்கள். விட்டு விட்டு வரும் பிழை கடைக்காரர் முன்னால் வராமல் போவது வழமை, அதனால் வீட்டில் பன்னிரண்டு ஒன்றுகள் விழுவதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வாரண்டி இல்லாத மலிவு மவுஸுக்கு ஸ்பிரிட் வரை பாருங்கள், அதற்கு மேல் நேரம் செலவழிப்பது வீண். கைக்குப் பழகிய நல்ல மவுஸ் என்றால் சுவிட்ச் மாற்றுங்கள். பழுது பார்க்கும் கூலி புது மவுஸ் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்கத்தான் வேண்டும்.

புதுசு வாங்கும்போது கடையிலேயே செருகி இரண்டு பொத்தானையும் சோதியுங்கள். ஒப்டிகல் சுவிட்ச் உள்ள மவுஸ்களில் உலோகத் தொடுகை கிடையாது, ஒளிக்கற்றையை மறித்துத்தான் கிளிக் பதிகிறது. அதில் இந்தத் துள்ளல் நோய் வராது. விலைதான் கூட. அம்பைக் காட்ட அடியில் சிவப்பு வெளிச்சம் எரியும் ‘ஒப்டிகல் மவுஸ்’ வேறு, ‘ஒப்டிகல் சுவிட்ச்’ வேறு. பெட்டியில் முதலாவது எழுதியிருப்பதைக் காட்டி இரண்டாவதின் விலையைச் சொன்னால் வாங்க வேண்டாம்.

செத்த மவுஸை என்ன செய்வது?

தூக்கிப் போடும் முன் வலது சுவிட்ச், ஸ்க்ரூக்கள், வயர், சில்லு நான்கையும் எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பாவின் மேல் மவுஸின் பெயரையும், சுவிட்ச் மொட்டு என்ன நிறம் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த மவுஸ் துள்ளத் தொடங்கும்போது தேட வேண்டியிருக்காது.